மேகலா யார் உடம்பில் வருவாள்?

போன வாரம் ஜோதியைக் கம்பெனி பஸ்ஸில், ஜன்னலோர சீட்டில், கையில் ஒரு வெங்காய போண்டாவோடு விட்டுவிட்டு வந்தோம். பந்தயத்தில் ஜெயித்த போண்டா. அதுவும் தொடர்ந்து மூன்றாவது வாரமாக. அந்த போண்டா இந்த வாரம் தொண்டையில் சிக்கப்போகிறது என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

இடையில் வந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஜோதி சூளகிரிப் பெண். ஓசூர் சிப்காட்டில் சுவிட்ச் செய்கிற கம்பெனி ஒன்றில் லைனில் உட்கார்ந்து ஒயர் கோக்கிறாள். கணவன் சென்னப்பன் இரும்பு வார்க்கிற ஃபவுண்டரியில் வேலை பார்க்கிறான். நல்ல மனுஷன், அதிர்ந்து பேசமாட்டான், சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொண்டுவந்து கொடுப்பான். ஒரே ஒரு குறை, ஜோதி அவனுக்கு இரண்டாவது. மூத்தவள் லகுமம்மா, கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளிக்காரி. காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

போய்ச் சேர்ந்தாள் என்று ஊர்தான் சொல்கிறது. ஜோதிக்குக் கல்யாணமான நாளிலிருந்து அதில் சந்தேகம் உண்டு.

சந்தேகப்படாமல் என்ன செய்வாள்? லகுமம்மா அவள் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தாள். செத்துப்போன மூத்தவள் பேருக்கு ஒரு சின்னத் தங்கப் பொட்டு, தாலிக்குப் பக்கத்தில். இரண்டாவதாக வாழ்க்கைப்படுகிறவள் அதைக் கட்டிக்கொள்வது இந்தப் பக்கத்துச் சில வீடுகளில் வழக்கம். செத்தவள் மனசு ஆறுமாம், சின்னவளைத் தொந்தரவு செய்யமாட்டாளாம். கல்யாணத்துக்கு மறுநாள் லகுமம்மாவின் தாய் கெம்பம்மா, மகளின் மூக்குத்தியை உருக்கிச் செய்த பொட்டைத் தன் கையால் கோத்து, "இனிமே நீதான் எனக்கு மக" என்று சொல்லி அனுப்பினாள்.

ஜோதி அன்றைக்குத் தலையாட்டிவிட்டு வந்ததோடு சரி. அதற்குப் பிறகு அத்திப்பள்ளிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஒருமுறை சென்னப்பன், "அத்தைக்குக் கண்ணு மங்கிட்டே வருதாம், ஒரு எட்டுப் பாத்துட்டு வரட்டுமா?" என்று கேட்டதற்கு ஜோதி பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். காரணம் கெம்பம்மா இல்லை. அந்த வீட்டில் லகுமம்மாவின் தங்கை ஒருத்தி இருக்கிறாள், முனிரத்னா. அக்கா போனதும் தங்கையைக் கட்டிக்கொள் என்று சென்னப்பனிடம் எல்லோரும் சொன்னார்கள். அவன்தான் மறுத்துவிட்டு ஜோதியைக் கட்டினான். ஏன் மறுத்தான் என்று ஜோதி கேட்டதில்லை. கேட்டு, பதில் சரியாக இல்லாமல் போய்விட்டால்?

சரி, வியாழக்கிழமைக்கு வருவோம்.

விடிவதற்கு முன்னாலேயே கம்பெனி பஸ் ராயக்கோட்டை ரோட்டில் வந்து நின்றது. ஓசூர்க் குளிரில் எல்லோரும் காதை மூடி ஸ்கார்ஃப் கட்டியிருந்தார்கள். காதுதான் மூடியிருந்ததே தவிர வாய் திறந்திருந்தது.

"எழுதி வெச்சுக்கங்க. மேகலா சாந்தினி உடம்புலதான் வருவா!" என்று பேக்கிங் செக்ஷன் செல்லி எழுந்து நின்று அறிவித்தாள்.

மேகலா யார் என்று கேட்பவர்கள் அந்த வருஷம் ஓசூரில் இருந்திருக்கமாட்டார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு டிவியில் 'ஈர மல்லி' தொடர் ஆரம்பித்தால் பஸ் ஸ்டாண்டில் டீக்கடைக்காரர்கூட அடுப்பைக் குறைத்துவிடுவார். மேகலா செத்துப்போன மனைவி. அவள் வரும்போதெல்லாம் வீட்டில் ஈர மல்லிகை வாசம் அடிக்கும். கணவன் விசு, அவனுடைய இரண்டாவது மனைவி சுமதி, மேகலாவின் தங்கை சாந்தினி மூவரும் ஒரே பங்களாவில் இருக்கிறார்கள். ஆவியாக இருந்து அலுத்துப்போன மேகலா, ஒரு பெண்ணின் உடம்புக்குள் வந்து விசுவோடு வாழப்போவதாகச் சபதம் போட்டிருக்கிறாள். யார் உடம்பு? அதுதான் இப்போது பஸ்ஸின் பந்தயம். தோற்ற கட்சி எல்லோருக்கும் போண்டா வாங்கித் தரவேண்டும்.

பந்தயத்துக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. தொடர் முதலில் கன்னடத்தில் எடுக்கப்பட்டது. அந்தப் பக்கம் வியாழன் சாயங்காலம் வருகிறது. தமிழில் பேசவைத்து இங்கே காட்டுவதற்குள் ஒன்றரை மாசம் பின்தங்கிவிடுகிறது. அதனால் கன்னடம் பார்த்தவர்கள் பந்தயத்தில் சேரக்கூடாது. ஜோதி இருக்கும் காலனியில் அந்தக் கவலை இல்லை. சேலம், திருநெல்வேலி ஆட்கள் நிறைய. அவர்கள் மல்லுக்கு நின்று, கேபிள்காரர் லால் பாஷா கன்னட சேனலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு சினிமாப் பாட்டு சேனலைப் போட்டிருந்தார்.

"எப்பிடிச் சொல்ற சாந்தினின்னு?" என்று யாரோ கேட்டார்கள்.

"கூடப் பொறந்த உடம்புதான் சுலுவு. அக்கா மாதிரியே மூஞ்சி, அக்கா மாதிரியே கொரலு. விசுவுக்கும் வித்தியாசமே தெரியாது" என்றாள் செல்லி.

பஸ்ஸில் பாதிப் பேர் கை தட்டினார்கள். டிரைவர் ராமப்பன் கண்ணாடியில் பார்த்தபடி, "பேயி வந்து அந்த விசுவத் தூக்கிட்டுப் போவணும். அப்பத்தான் எல்லாரும் நிம்மதியா இருப்பாங்க" என்றார். அவருக்கு எப்போதும் ஒரே ஓட்டுதான்.

"அப்ப சுமதி?" என்றாள் ஜோதி.

கேட்கவேண்டும் என்று நினைத்துக் கேட்கவில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது.

"சுமதிக்கு என்னாக்கா? அவ நடுவுல வந்தவதான?" என்றாள் செல்லி வெகு சாதாரணமாக. "நீ சொல்லுக்கா. உன் வாக்குதான் பலிக்குது. கண்ணாடி ஒடையும்னு சொன்ன, ஒடைஞ்சிச்சி. வெளக்கு தானா அணையும்னு சொன்ன, அணைஞ்சிச்சி. இதுக்கு என்னா?"

அந்த வாக்கெல்லாம் ஜோதியுடையது இல்லை, சென்னப்பனுடையது. டிவி முன்னால் சோறு தின்றபடி, "அடுத்த வாரம் பாரு, கண்ணாடி ஒடையும்" என்பான். "நாளாவட்டத்துல இந்த வெளக்கும் அணையும் பாரு" என்பான். அதைத்தான் அவள் பஸ்ஸில் தன் சரக்காக விற்றுவந்தாள். கணவனுக்கு இவ்வளவு கற்பனை இருக்கிறதே என்று அவளுக்குப் பெருமைகூட.

"தெரியல" என்றாள். இந்த வாரம் அவன் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டதற்கு, "பாத்தாத்தான தெரியும்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டான்.

பக்கத்து சீட்டில் ஃபகருன்னிசா அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜோதி இரண்டாம் தாரம் என்று அந்த பஸ்ஸில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

டீ பிரேக்கில்தான் அக்கா வாயைத் திறந்தாள். கையலம்பும் இடத்துக்குப் பக்கத்தில் ஜோதியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

"ஏன் ஜோதி, நெசமா நீ கன்னடம் பாக்கலியா?"

"எங்க போயி பாக்கறது? நம்ம கேபிள்லதான் வரலியே. ஏங்க்கா, நான் ஏமாத்தறன்னு நெனக்கறியா?"

"நீ ஏமாத்தல. ஆனேக்கல்லுல இருந்து எங்க அதியா வந்திருந்தா. என் தங்கச்சி. அவ கன்னடத்துல எல்லாம் பாத்துட்டா. கண்ணாடி ஒடையறது, வெளக்கு அணையறது, நீ பஸ்ஸுல சொன்னத அப்பிடியே வரி மாறாம சொல்றா. இதெல்லாம் யோசிச்சுச் சொல்ற விஷயமா? பாத்தவங்கதான் சொல்ல முடியும்."

"அவருதான் சொன்னாரு."

"அதத்தான் கேக்கறன். நீ பாக்கல. அப்ப உன் ஊட்டுக்காரரு எங்க பாத்தாரு?"

ஜோதி சிரிக்கப் பார்த்தாள். "ஃபவுண்டரில யாராச்சும் பேசியிருப்பாங்க."

"வியாழக்கெழம சாயங்காலம்தான் அந்தப் பக்கம் வருது."

"வியாழக்கெழம அவருக்கு ஓட்டி..."

சொல்லும்போதே ஜோதியின் குரல் இறங்கிவிட்டது. வியாழக்கிழமை தோறும் ஓவர்டைம் என்று சொல்லித்தான் அவன் தாமதமாக வருவான். ஃபகருன்னிசாவின் கணவர் நசருல்லாவும் அதே ஃபவுண்டரியில்தான் இருக்கிறார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஓட்டிய நிறுத்தி எவ்வளவோ நாளாச்சும்மா. எங்க ஆளு அஞ்சு மணிக்கெல்லாம் வந்து ஊட்ல பாட்டுக் கேட்டுட்டு ஒக்காந்திருக்காரு. சொல்லலாமா வேணாமான்னு ரெண்டு நாளா தவிச்சன். தப்பா எடுத்துக்காத."

தப்பாக எடுத்துக்கொள்ள அதில் என்ன இருக்கிறது? எல்லாம் சரியாகத்தான் பொருந்தியது. வியாழக்கிழமை. அந்தப் பக்கம். கன்னட டிவி இருக்கிற ஒரு வீடு. அக்கா மாதிரியே முகம், அக்கா மாதிரியே குரல் உள்ள ஒரு தங்கை. பஸ்ஸில் பாதிப் பேர் கை தட்டி வரவேற்ற அதே கதை.

ஜோதிக்கு அழுகை வரவில்லை. வந்தது வேறு ஒன்று. பொறாமை என்று அதற்குப் பெயர் சொல்ல அவளுக்குக் கூச்சமே இல்லை. என் புருஷன், எனக்குத் தெரியாமல், அவள் வீட்டில், அவள் பக்கத்தில் உட்கார்ந்து, நான் வெள்ளிக்கிழமை பார்க்கப்போவதை முன்கூட்டியே பார்த்துவிட்டு வருகிறான். எனக்கு வருவதெல்லாம் அவர்கள் பார்த்து முடித்த மிச்சமா?

லைனில் ஒயர் நறுக்குகிற சின்ன கட்டர் அவள் ஏப்ரன் பையில் இருந்தது. லாக்கர் ரூமுக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நின்று தாலியை வெளியே எடுத்தாள். பொட்டு மினுமினுவென்று அவளைப் பார்த்தது.

"ஜோதி! என்னா பண்ற? செத்தவங்க விஷயம், வெளையாடாத!" ஃபகருன்னிசா பின்னாலேயே ஓடிவந்தாள்.

"ரெண்டு வருஷமா நான் இவளச் சொமக்கறன். இவ தங்கச்சி என் ஊட்டுக்காரரச் சொமக்கறாளா?"

டக். பொட்டைக் கோத்திருந்த வளையம் அறுந்து உள்ளங்கையில் விழுந்தது. அதைத் தன் லாக்கரில் சோப்பு டப்பாவுக்குள் போட்டு மூடினாள். கழுத்தில் கனம் குறைந்ததா என்றால், குறையவில்லை. குந்துமணி அளவுதானே அது.

இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்தது. ஒரு லாக்கர் இரண்டு பேருக்கு. சாவியை இரண்டாம் ஷிஃப்ட் பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். சாவியைக் கொடுக்கும்போது சோப்பு டப்பா ஞாபகம் வந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அத்திப்பள்ளிக்கு லகுமம்மாவைக் கழுத்தில் கட்டிக்கொண்டு போக அவளுக்கு மனசில்லை. போனால் ஜோதியாகத்தான் போகவேண்டும்.

வீட்டுக்கு வந்து குளித்து, இருப்பதிலேயே நல்ல சேலையைக் கட்டினாள். சண்டை போடப் போகிறவளுக்கு எதற்கு மயில் கழுத்து நிறத்தில் சேலை என்று கேட்காதீர்கள். சண்டைக்குத்தான் அது மிகவும் தேவை. முனிரத்னா கறுப்பா சிவப்பா என்பதுகூட அவளுக்குத் தெரியாது. பொட்டுக் கட்டிய அன்றைக்கு அவள் சமையல்கட்டை விட்டு வெளியே வரவே இல்லை.

சாயங்காலம் பஸ் ஏறினாள். ஜூஜூவாடி செக்போஸ்ட் தாண்டி போர்டெல்லாம் கன்னடத்துக்கு மாறியது. லாரிகளின் வரிசையில் பஸ் நின்று நின்று போயிற்று. போய்ச்சேருவதற்குள் தொடர் ஆரம்பித்துவிடுமே என்று ஒரு பக்கம் பதைத்தது. இன்னொரு பக்கம், அவர் அங்கே இல்லாமல் இருக்கட்டுமே, நான் அசடு வழிந்துகொண்டு திரும்பி வருகிறேனே என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டாள்.

மாரியம்மன் அன்றைக்கு வேறு வேலையாக இருந்திருக்கவேண்டும். கெம்பம்மா வீட்டு வாசலில் சென்னப்பனின் ரப்பர் செருப்பு கிடந்தது. அதன் வாரை அவள்தான் போன வாரம் தைத்துக் கொடுத்திருந்தாள்.

கதவு திறந்தே இருந்தது. உள்ளே விளக்குப் போடவில்லை, டிவி வெளிச்சம் மட்டும். பாயில் கெம்பம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். டிவியைப் பார்க்கவில்லை, காதை மட்டும் அந்தப் பக்கம் திருப்பியிருந்தாள். பக்கத்தில் சென்னப்பன். கிழவியின் கை அவன் கைக்குள் இருந்தது.

"இப்ப என்ன செய்யறா?" என்று கெம்பம்மா கன்னடத்தில் கேட்டாள். எல்லையோரத்தில் வளர்ந்த ஜோதிக்குக் கன்னடம் புரியாதா?

"நிலைக்கண்ணாடி முன்னால நிக்கறா அத்தே. சிரிக்கறா."

"முகம் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. சிரிக்கும்போது வலது கன்னத்தில் குழி விழுது. மோவாயில் ஒரு மச்சம்."

ஜோதி டிவியைப் பார்த்தாள். மேகலாவாக நடிக்கிறவளுக்குக் கன்னத்தில் குழியும் இல்லை, மோவாயில் மச்சமும் இல்லை. வாராவாரம் பார்க்கிற முகம், அவளுக்குத் தெரியாதா? குழியும் மச்சமும் இருப்பது வீட்டில் பீரோவுக்குள் சேலைக்கு அடியில் அவன் வைத்திருக்கிற லகுமம்மா போட்டோவில்.

கெம்பம்மாவின் முகம் மலர்ந்தது. "அப்படியேதான்" என்று தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டாள்.

முனிரத்னாவைத் தேடி வந்த ஜோதி கதவோரத்தில் அப்படியே நின்றுவிட்டாள். தங்கையோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். முடியைப் பிடித்து இரண்டு கேள்வி கேட்டிருக்கலாம். மச்சத்தை யார் முடியைப் பிடித்துக் கேட்பது? என்னைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொன்னால் இவர் என்ன சொல்வார்? என் முகத்தில் எங்கே என்ன இருக்கிறது என்று இவருக்குத் தெரியுமா? தெரியவேண்டும் என்று அவளுக்கு வெறியே வந்தது.

அப்போது டிவியில் இசை ஏறியது. கெம்பம்மா அவன் கையை இறுக்கினாள்.

"வந்துட்டாளா? யார் உடம்பில்? தங்கை உடம்பிலா, இல்லை நான் சொன்ன மாதிரியா?"

விசு படுக்கையறைக் கதவைத் திறந்தான். கண்ணாடி முன்னால் முதுகைக் காட்டி ஒருத்தி மல்லிகை வைத்துக்கொண்டிருந்தாள். "மேகலா" என்று கூப்பிட்டான். அவள் திரும்பினாள்.

சாந்தினி இல்லை. சுமதி.

பஸ்ஸில் ஒருத்திகூடச் சொல்லாத பெயர். விசு ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டு மேகலா, மேகலா என்று அழுதான். சுமதியின் முகத்தில் மேகலாவின் சிரிப்பு. அந்த உடம்புக்குள் சுமதி எங்கே போனாள் என்று யாரும் கேட்கவில்லை.

"தங்கச்சி இல்லத்தே. ரெண்டாவது சம்சாரம்" என்றான் சென்னப்பன் மெதுவாக.

"நான் சொல்லலை?" கெம்பம்மா குழந்தை மாதிரிச் சிரித்தாள். "நானும் அப்படித்தானே கட்டி அனுப்பினேன். என் மகள் உன்னோடதானே இருக்கா. அந்தப் பெண்ணின் கழுத்தில் இருக்கா. இல்லையா?"

சென்னப்பன் கிழவியின் கையைத் தட்டிக்கொடுத்தான். பிறகு, "ஆமாம் அத்தே" என்றான்.

ஜோதியின் கை கதவில் இடித்து வளையல் சத்தம் போட்டது.

சமையல்கட்டிலிருந்து காபி டம்ளர்களோடு வந்த முனிரத்னாதான் முதலில் பார்த்தாள். "அக்கா! வாங்க வாங்க. ஏன் வாசல்லயே நிக்கறீங்க?" தமிழிலேயே கூப்பிட்டாள். சிவப்புதான். வலது கன்னத்தில் குழியும் விழுந்தது.

சென்னப்பன் எழுந்துவிட்டான். ஃபவுண்டரி உலைக்கு முன்னால் கலங்காத மனுஷனுக்கு முகம் வெளிறிப்போயிற்று.

"ஜோதி... நான் சொல்லணும்னுதான்..."

"ஓட்டி முடிஞ்சிருச்சா?" என்றாள் ஜோதி.

அவன் தலை தொங்கியது.

கெம்பம்மாவுக்கு இது எதுவும் உறைக்கவில்லை. "யாரு, ஜோதியா? வந்தியா கண்ணு?" என்று தமிழுக்கு மாறினாள். "ரெண்டு வருஷமா கேட்டுட்டே இருக்கேன், கூட்டிட்டு வா கூட்டிட்டு வான்னு. கிட்ட வா. கண்ணு தெரியல எனக்கு. கையாலதான் பாக்கணும்."

போகாமல் இருக்க முடியவில்லை. ஜோதி பாயில் உட்கார்ந்தாள். கிழவியின் சொரசொரப்பான கை அவள் நெற்றியைத் தடவியது, கன்னத்தைத் தடவியது, தோளுக்கு இறங்கி மஞ்சள் கயிற்றைப் பிடித்தது. கயிற்றின் வழியாக விரல்கள் மெல்ல நகர்ந்தன. தாலி வந்தது. தாலிக்கு அந்தப் பக்கம் போயின. திரும்பி இந்தப் பக்கம் வந்தன. இன்னொரு முறை போயின.

"எங்க அவ?" என்றாள் கெம்பம்மா.

விரல்கள் கயிற்றை விடவில்லை.

"என் மகள எங்க விட்டுட்டு வந்த?"

"வளையம் தேஞ்சு அறுந்துபோச்சு அத்தே" என்றான் சென்னப்பன் சட்டென்று. அவன் பார்வை ஜோதியின் கழுத்தில் இருந்தது. அவனுக்கே அப்போதுதான் தெரிந்திருக்கிறது. "நான்தான் ஆசாரிகிட்டக் குடுத்திருக்கேன். ரெண்டு நாள்ல வந்துரும்."

எவ்வளவு சரளமாக வந்தது! யோசிக்கவே இல்லை. ஜோதிக்காகத்தான் சொன்னான், அது அவளுக்கும் தெரிந்தது. ஒரு நிமிஷம் அப்படியே விட்டிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். காபியைக் குடித்துவிட்டு இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஊர் திரும்பியிருக்கலாம். ஆனால் வியாழக்கிழமை தோறும் ஓட்டி என்று சொன்ன நாக்கும் இதுதானே? எனக்கு ஒரு பொய், இந்தக் கிழவிக்கு ஒரு பொய், இல்லாத மச்சத்துக்கு ஒரு பொய். இவர் யாரிடம்தான் நிஜம் பேசுகிறார்?

"ஆசாரியும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றாள் ஜோதி. "நான்தான் அறுத்தன். இன்னிக்குக் காலையில. என் கையாலயே."

"ஜோதி!"

"நீங்க சும்மா இருங்க. அவங்க உங்க கழுத்துல தொங்கல, என் கழுத்துல தொங்குறாங்க. என்னப் பாக்கும்போது நீங்க யாரப் பாக்கறீங்கன்னு எனக்குத் தெரிய வேணாமா? நான் என்னா, வெறும் ஒடம்பா?"

டிவியில் டீத்தூள் விளம்பரம் ஓடியது. முனிரத்னா டம்ளரைக் கீழே வைக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.

கெம்பம்மா கத்துவாள், சபிப்பாள் என்று ஜோதி எதிர்பார்த்தாள். அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தாள். கிழவி கோபப்படவே இல்லை. மஞ்சள் கயிற்றை விட்டு, ஜோதியின் முந்தானையைச் சரிசெய்து, கையைத் தன் மடிக்கு எடுத்துக்கொண்டாள்.

"அவ உனக்கு பாரமா இருந்தா சொல்லியிருக்கலாமே கண்ணு" என்றாள். "வேணாம்னவ கழுத்துல என் மகள எதுக்கு நான் கட்டணும்? எங்க வெச்சிருக்க?"

"கம்பெனியில... லாக்கர்ல."

"நாளைக்குக் கொண்டாந்து குடுத்துடு. பூட்டுக்குள்ளலாம் கெடக்க வேணாம் அவ." பிறகு தலையைத் திருப்பி, காபி மணம் வந்த திசையில் பேசினாள். "ரத்னா, உன் கழுத்துல கட்டறேன். அக்காவ நீ வெச்சுக்கோ. அப்புறம் அவ எந்தக் கழுத்துல இருக்காளோ, அந்த வீட்டுக்கு மருமகன் வரட்டும்."

"அம்மா, என்னம்மா பேசற!" என்றாள் முனிரத்னா. சொன்னாளே தவிர, அவளுடைய ஒரு கை எழுந்து வெறும் கழுத்தைத் தொட்டுக்கொண்டது. அதை ஜோதி பார்த்தாள்.

சோப்பு டப்பாவும் சாவியும் இப்போது இரண்டாம் ஷிஃப்ட் பெண்ணிடம் இருக்கின்றன. விடிந்தால்தான் ஜோதியின் கைக்கு வரும். விடிந்தால் பஸ்ஸில் செல்லி எழுந்து நின்று சாந்தினி, சாந்தினி என்று கத்துவாள். அவளுக்கு என்ன தெரியும்?

ஜோதி புருஷனை நிமிர்ந்து பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரே ஒரு வார்த்தை. இவ்வளவு பொய் சரளமாக வருகிற வாயில் அந்த ஒரு நிஜம் வராதா?

விளம்பரம் முடிந்து தொடர் மறுபடியும் ஆரம்பித்தது. கெம்பம்மா வழக்கம்போலக் கையை நீட்டினாள். சென்னப்பன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தான்.

வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை.